கன்னத்தில் காத்திருந்த இலந்தைப்பழம்

ஆற்றை ஒட்டிய ஒரு காட்டில் வஞ்சி என்ற பெண்குரங்கு இருந்தாள். அவள் தங்கை மயிலி அக்கரைக்கு இரை தேடப் போன அன்று வெள்ளம் வந்தது. இரு கரைக்கும் பாலமாகக் கிடந்த மரத்தை அது அடித்துக்கொண்டு போயிற்று. மயிலி அக்கரையிலேயே நின்றுவிட்டாள்.

மயிலிக்கு இலந்தைப்பழம் என்றால் உயிர். 'எப்போது வருவாளோ, வந்ததும் கொடுக்க வேண்டுமே' என்று வஞ்சி தன் கன்னப் பையில் எந்நேரமும் நாலு பழங்களை அடக்கி வைத்திருந்தாள். அவை கரையக் கரையப் புதுப்பழம் வைத்தாள். தூங்கும்போதும் துப்பவில்லை. அக்கரையைப் பார்த்தே அவளுக்குப் பொழுது போயிற்று.

ஒரு நாள் தண்ணீர் குடித்தபோது பல் சுரீரென்று கூசியது. எலும்பைக் கடித்தே பல்லைப் பேணும் முள்ளம்பன்றியிடம் போனாள்.

"வாயைத் திற" என்றது முள்ளம்பன்றி. "ஒரு பல்லில் குழியே விழுந்துவிட்டது. அது இனி அப்படித்தான். மற்றவை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கின்றன. அவற்றின் சத்து கரைகிறது. இப்போதே பார்த்தால் திரும்ப ஏற்றலாம்."

"எப்படி அண்ணா?"

"கன்னத்தில் இருப்பதைத் துப்பு. வேளைக்கு வயிறாரத் தின்றுவிட்டு வாயைச் சும்மா விடு. மான்கள் நக்கும் உவர்மண்ணை நீயும் நக்கு. எச்சில் அந்தச் சத்தை எடுத்துப் பல்லில் பூசும். வாயில் பழம் இருக்கும்வரை அதனால் வேலை செய்ய முடியாது."

"துப்பிவிட்டால் மயிலிக்கு எதைக் கொடுப்பேன்?" வஞ்சியின் கண் கலங்கிவிட்டது.

"மரப்பொந்து எதற்கு இருக்கிறது, அசடே?"

வஞ்சி பழங்களைப் பொந்தில் போட்டாள். கன்னம் வெறுமையானதும் தங்கையையே கைவிட்டதுபோல் அவளுக்குத் துக்கமாக இருந்தது. நாக்கு அடிக்கடி அங்கே போய்த் தேடியது. ஆனாலும் பொறுத்துக்கொண்டாள். மாசியில் கூச்சம் குறைந்தது. பங்குனியில் வெளுப்பு மங்கிப் பற்கள் உறுதிப்பட்டன.

சித்திரையில் ஆறு வற்றியது. மணலில் மயிலி ஓடி வந்தாள். மிகவும் இளைத்திருந்தாள்.

"அக்கா, இலந்தைப்பழம் இருக்கிறதா?"

வஞ்சி பொந்துக்குள் கைவிட்டாள். சதையை எறும்புகள் எப்போதோ தின்று தீர்த்திருந்தன. கொட்டைகள்தான் மிச்சம். மரங்களிலும் இலந்தைக் காலம் முடிந்திருந்தது. மயிலியின் முகம் வாடியது.

வஞ்சி ஒரு கொட்டையை எடுத்து, குழி விழாத பக்கத்தில் வைத்துக் கடித்தாள். படக்கென்று உடைந்தது. உள்ளே இருந்த பருப்பைத் தங்கையின் வாயில் வைத்தாள். பிறகு அடுத்த கொட்டையை எடுத்தாள்.

நீதி: பிரிந்தவருக்காகக் காத்திருப்பவர், அவர் வரும்வரை தம்மையும் காத்துக்கொள்ள வேண்டும்.