பூவனூர் பஸ்ஸைப் படித்தவர்கள்

கோணமேட்டுக்காரர்கள் பொய் பேச மாட்டார்கள், களவெடுக்க மாட்டார்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர் அழகுமலைக்குப் பூவனூரில் பெண் பேசி, நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். தட்டும் கையுமாகப் போன குடும்பம், "ஏறுங்க, ஏறுங்க" என்று எந்தக் கண்டக்டர் கூப்பிட்டாரோ அவர் வண்டியில் ஏறிவிட்டது. இறங்கிய ஊரில் மேளம் கேட்ட வீட்டுக்குள் நுழைந்து, தட்டை வைத்து, வயிறாரச் சாப்பிட்டுத் திரும்பியது. அது யார் வீட்டுக் காதுகுத்தோ! பெண்ணின் அப்பா சன்னாசி கொதித்துப் போனார். "முகூர்த்தத்துக்கும் வரலைன்னா வேற மாப்பிள்ளை பாத்துக்குவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

ஆகவே மாப்பிள்ளை அழகுமலை, அவன் அப்பா ஒச்சப்பன், தாய்மாமன் பெரியாண்டி, அத்தை இருளாயி நால்வரும் செண்பகவல்லி டீச்சரின் முதியோர் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள்.

"பஸ்ஸுல பூவனூர்னு போட்டிருந்தாப் படிக்கத் தெரியணும் டீச்சர். அது போதும்" என்றார் ஒச்சப்பன்.

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நடக்கிற பயிற்சிக்கெல்லாம் போய்ப் புதுப்புதுக் கற்பித்தல் முறைகளைக் கற்றுக்கொண்டு, அதையெல்லாம் யார்மேல் பிரயோகிப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர்.

முதலில் பழைய முறையிலேயே தொடங்கினார். சிலேட்டில் 'பூவனூர்' என்று எழுதிக்கொடுத்து, "நாளைக்குள்ள இதைக் கரைச்சுக் குடிச்சிடணும்" என்றார். மறுநாள் நால்வரும் வெறும் சிலேட்டோடு வந்தார்கள்.

"பச்சைத் தண்ணியா வெந்நீரான்னு நீங்க சொல்லலையே டீச்சர்" என்றார் பெரியாண்டி. "அதனால ரெண்டுலயும் கரைச்சோம்."

"பூ வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு" என்றாள் இருளாயி. "அந்த னூ இருக்கு பாருங்க, அதோட கொக்கிதான் இன்னும் தொண்டையிலேயே நிக்குது."

டீச்சர் அவளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, அடுத்த முறைக்குத் தாவினார். "இன்னையிலேர்ந்து நமக்குத் தலைகீழ் வகுப்பறை. அதாவது..." என்று ஆரம்பித்து, பாடத்தை வீட்டில் படித்துவிட்டு வந்து பயிற்சியை வகுப்பில் செய்ய வேண்டும் என்று விளக்குவதற்குள் நால்வரும் எழுந்து நின்று ஆலோசனையில் இறங்கிவிட்டார்கள்.

"வேட்டி என்னாகும்?" என்று ஒச்சப்பன் கவலைப்பட்டார்.

"தார்ப்பாய்ச்சிக் கட்டினா எங்கயும் போகாது மாமா" என்றார் பெரியாண்டி.

"எனக்குச் சேலையாச்சே! நான் நேராவே உக்காந்துக்கிறேன். பலகையை மட்டும் தலைகீழா மாட்டுங்க."

வகுப்பில் கெட்டிக்காரி இருளாயிதான். பலகையையும் தலைகீழாக மாட்டியபின், தலைகீழாக நின்ற ஆண்கள் மூவருக்கும் எழுத்து நேராகத் தெரிந்தது. இருளாயி மட்டும் கழுத்தைத் திருகித் திருகிப் பார்த்துச் சுளுக்கிக்கொண்டாள்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. கடைசியாகக் குழு முறையை எடுத்தார். "ஆளுக்கு ஒரு எழுத்து. அழகுமலைக்குப் பூ, ஒச்சப்பனுக்கு வ, பெரியாண்டிக்கு னூ."

"பொட்டு வச்ச எழுத்து எனக்கு!" என்று இருளாயி 'ர்'ரைப் பிடித்துக்கொண்டாள்.

ஆச்சரியம், பிடிபட்டுவிட்டது! அவரவர் எழுத்தை எங்கே கண்டாலும் அவரவர் கத்தினார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்க. பஸ்ஸுல ஏறும்போதும் இறங்கும்போதும் பலகையைப் பாருங்க. எழுத்து சொன்னாத்தான் நம்பணும்" என்றார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் டீச்சரும் கூடப் போனார். வண்டி வந்து நின்றது. "பூ!" "வ!" "னூ!" "ர்!" நிலையமே திரும்பிப் பார்த்தது. நால்வரும் ராஜநடை நடந்து ஏறினார்கள். வழியில் எங்கும் நிற்காமல் வண்டி பூவனூர் போய்ச் சேர்ந்தது. மேளதாளத்தோடு சன்னாசி காத்திருந்தார்.

கண்டக்டர் இறங்கி, திரும்பிப் போகிற பயணத்துக்காக 'கோணமேடு' என்ற பலகையை மாட்டினார். அழகுமலை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"பூவைக் காணோம்."

"வ இல்லை."

"னூவும் இல்லை."

"பொட்டே இல்லை" என்றாள் இருளாயி. "யாரும் இறங்காதீங்க. இது வேற ஊரு."

"மாப்ள, நான்தான் உங்க மாமனார்!" என்று கதறினார் சன்னாசி.

"போன தடவையும் இப்படித்தான் அன்பா வரவேற்றாங்க" என்றார் ஒச்சப்பன்.

டீச்சர் கெஞ்சினார். "பூவனூர்தாங்க! நான் சொல்றேன், இறங்குங்க!"

"யார் சொன்னாலும் நம்பாதேன்னு சொன்னீங்களே டீச்சர். உங்களை மட்டும் நம்பினா உங்க பாடத்துக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார் பெரியாண்டி.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"மாப்பிள்ளை படிச்சவர்னு சொன்னீங்களேப்பா" என்றாள் மணப்பெண் பொன்னுத்தாயி.

"அதாம்மா இப்பப் பிரச்சனை" என்ற சன்னாசி, முகூர்த்தம் தவறிவிடுமே என்று பெண்ணை ஏற்றினார், மேளக்காரரை ஏற்றினார், சாம்பார் அண்டாவையும் ஏற்றினார். வண்டி கிளம்பியது.

கோணமேட்டில் நின்றதும் கண்டக்டர் மறுபடி 'பூவனூர்' பலகையை மாட்டினார். அவ்வளவுதான், நால்வரும் துள்ளிக் குதித்து இறங்கினார்கள். "பூவனூர் வந்தாச்சு!"

நல்லவேளையாக முகூர்த்த நேரம் மிச்சமிருந்தது. கோயில் வாசலில் தாலி ஏறியது. பந்தியில் உட்கார்ந்த ஒச்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்து வியந்தார். "அச்சு அசல் நம்ம ஊர் மாதிரியே கட்டி வச்சிருக்காங்க. நம்ம வீட்டைக்கூட விடலை பாரு, ஓட்டை ஓடு உட்பட!"

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிலையத்தைப் பார்த்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் சீர்ப்பாத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒச்சப்பன், பெரியாண்டி, இருளாயி.

"வீட்டுக்குப் போகாம இங்க என்ன பண்றீங்க?"

ஒச்சப்பன் எழுந்து கைகட்டி நின்றார்.

"ஊருக்குத் திரும்பத்தான் டீச்சர் காத்துக்கிட்டிருக்கோம். எங்க ஊர்ப் பேரை நீங்க இன்னும் சொல்லித் தரலையே."