வராத அறுபத்தொரு பேர்

கடலோர நகரம் ஒன்றில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டாக்டர் நூருன்னிசா ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் புரை நீக்குவார். வயது நாற்பத்திரண்டு. மாலை டீயை நின்றபடியே குடிப்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்பார்.

ஜெசிந்தா மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படித்தாள். கோடை விடுமுறையில் இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சிக்காக அவரிடம் வந்து சேர்ந்தாள். தினமும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கப்போகிறோம் என்று நினைத்து வந்தவளுக்குக் கிடைத்தது, பழைய கேஸ் ஷீட்டுகள் அடுக்கிய அறையும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

சென்ற டிசம்பரின் முதல் ஏழு வேலை நாட்களில் டாக்டரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு மாதம் கழித்து அவர்களுக்குப் பார்வை எப்படி இருந்தது என்று பார்த்து எழுத வேண்டும். தூசியும் புரியாத கையெழுத்துமாக எட்டு வாரம் ஓடியது. அவளுடைய கண்களே எரியத் தொடங்கின.

ஒரு மாதம் கழித்து வந்து காட்டியவர்கள் நூற்றைம்பத்தொரு பேர். அவர்களில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு நல்ல பார்வை. இருநூற்றுப் பன்னிரண்டில் மீதி அறுபத்தொரு பேர் வரவே இல்லை. போன் செய்து பார்த்தாள். சில போன்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. சிலர் எடுத்துவிட்டு, வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.

கட்டுரையைத் திங்கட்கிழமைக்குள் ஒரு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். தேர்வானால் அடுத்த வருடம் டெல்லியில் மூன்று மாதப் பயிற்சி. அவள் கல்லூரியிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை.

சனிக்கிழமை கடைசி நோயாளி போன பிறகு டாக்டரிடம் போய் நின்றாள்.

"மேடம், வராதவங்களை விட்டுட்டு எழுதலாமா? நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு நல்லா இருக்குன்னு வருது. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

டாக்டர் வராதவர்களின் பட்டியலை வாங்கிப் புரட்டினார். ஒரு பெயரில் விரல் நின்றது. அது யார் என்று அவருக்கும் நினைவில்லை.

"நாளைக்குக் காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு ஓய்வு. பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமைக்கு ஒரு பகல்தான் மிச்சம்.

டாக்டரின் விரல் நின்ற பெயர் லிங்கதுரை. அவர் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. ஐம்பத்தாறு வயது, உப்பு வாரும் வேலை. டாக்டரைக் கண்டதும் பதறி எழுந்து, மனைவியிடம் நாற்காலி கேட்டார். டாக்டர் அவருடைய வலது கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கண் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். லிங்கதுரை தப்பான பக்கம் கை காட்டினார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வலித்ததாம். பத்து நாள் இருந்து, தானாக அடங்கிவிட்டதாம்.

"வலிச்ச அன்னைக்கே ஏன் வரலை?" ஜெசிந்தா முந்திக்கொண்டு கேட்டாள்.

லிங்கதுரை டாக்டரைப் பார்க்காமல் ஜெசிந்தாவிடம் சொன்னார். "டாக்டரம்மா கையப் பிடிச்சு, பயப்படாதீங்கன்னு சொல்லி நல்லாத்தான் செஞ்சாங்க. எங்கூட வந்தவங்களுக்கெல்லாம் தெரியுது. எனக்கு மட்டும் இப்படி ஆச்சு. அதைப் போய் அவங்ககிட்டச் சொல்லி, அவங்களை வருத்தப்பட வைக்கணுமாம்மா?"

அன்றே வந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம். டாக்டர் அதைச் சொல்லப்போகிறார் என்று ஜெசிந்தா காத்திருந்தாள்.

"கண்ணுக்குள்ள கிருமி புகுந்திருக்கு. இந்தக் கண்ணுல இனிமே பார்வை வராது" என்றார் டாக்டர். "நீங்க வரலைன்னதும் நான் வந்து பார்த்திருக்கணும்."

இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், லிங்கதுரை அந்தக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார்.

"இது இருக்கட்டும்மா. இதுல இன்னும் கொஞ்சம் தெரியுது."

டாக்டர் வற்புறுத்தவில்லை. தன் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்தார். டாக்டர் உட்கார்ந்து குடித்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

திரும்பும் பஸ்ஸில் டாக்டர் தூங்கவில்லை. வெளியே உப்பு வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. ஜெசிந்தா மடியில் பட்டியலை வைத்துக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றைந்து என்று எழுதிய தாளை நினைக்கவே கூச்சமாக இருந்தது. டெல்லியை நினைத்தால் அழுகை வந்தது. கடைசியில் கேட்டாள்.

"இன்னும் அறுபது பேர் இருக்காங்க மேடம். நாளைக்குள்ள அனுப்பணும். நான் என்ன செய்ய?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். கண்கள் சிவந்திருந்தன.

"பட்டியல்ல இருக்கற ஊர்ல எதுலெல்லாம் இந்த பஸ் நிக்கும்னு கண்டக்டர்கிட்ட கேளு" என்றார்.