மாசிலாமணியின் எட்டு சிலிண்டர் பிள்ளை

பொன்னாங்கரட்டில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களில் முதல் வரிசைக்காரர் அரிசி மில் மாசிலாமணி. பன்னிரண்டு வயதில் ஏதோ பத்திரிகையில் ஒரு சிவப்பு அமெரிக்கக் காரின் படத்தைப் பார்த்தார். எட்டு சிலிண்டர், உறுமினால் அடுக்களைப் பாத்திரமெல்லாம் உருளுமாம். அதைத் தேரடி வீதியில் ஒருமுறையாவது ஓட்டிவிட்டுத்தான் சாவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஐம்பத்திரண்டு வயதில், புளியந்தோப்பை விற்று, ஒரு எஸ்டேட் முதலாளியிடம் அதே மாதிரி பழைய காரை வாங்கியே விட்டார்.

சாவியைக் கொடுக்கும்போது முதலாளி கண்கலங்கி, "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும்" என்றார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

லாரியிலிருந்து வண்டி இறங்கியதும் மாசிலாமணி கதவைத் திறந்து ஏறப்போனார். பங்காளி கொண்டல்சாமி தடுத்தார்.

"பச்சப்புள்ள மேலயாண்ணே ஏறி உக்காருவீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. முப்பது நாள் மில்லுக்குள் கொசுவலை போட்டு வைத்தார்கள். மூன்று மணிக்கொரு தடவை பெட்ரோலைச் சங்கில் எடுத்துப் புகட்டி, பின்பக்கத்தைத் தட்டிக் கொடுத்து ஏப்பத்துக்காகக் காத்திருந்தார்கள். ஏப்பம் வராததில் எல்லோருக்கும் கவலை.

அடுத்து, கரட்டுக் குன்றின்மேல் குலசாமி கோயிலில் காதுகுத்து. ஊரே சேர்ந்து பிள்ளையைத் தள்ளி மேலே ஏற்றியது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் மாசிலாமணியின் மச்சான் கோட்டைச்சாமி. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து வண்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"முழுசாவா மடியில வைக்கணும்?"

"தலை இருந்தாப் போதும்" என்றார் கொண்டல்சாமி.

"இதுக்குத் தலை எது?"

ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். கடைசியில் கொண்டல்சாமி தீர்ப்புச் சொன்னார். "எந்தப் பக்கம் போறதுன்னு எது முடிவு பண்ணுதோ, அதான் தலை."

ஸ்டீரிங்கைக் கழற்றி மாமன் மடியில் வைத்து, இரண்டு பக்கமும் துளை போட்டுத் தோடு மாட்டினார்கள்.

மாசிலாமணிக்குப் பொறுமை போய்விட்டது. நாற்பது வருஷ ஏக்கம் அல்லவா? ஸ்டீரிங்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இப்பவாவது ஓட்டட்டுமா?" என்றார்.

"புள்ள இன்னும் நடக்கவே இல்லியேண்ணே. மொதல்ல நடக்கட்டும்."

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்துவிட்டு, சரிவின் ஓரமாக நின்று கைதட்டி, "வா, வா" என்று கூப்பிட்டார்கள். பிள்ளை வந்தது. முதலில் தத்தித் தத்தி, பிறகு ஓட்டமாக. மாசிலாமணி ஆனந்தத்தில் அழுதேவிட்டார். பாதை திரும்பும் இடத்தில் மட்டும் பதறிப்போய், கையிலிருந்த ஸ்டீரிங்கை வலது பக்கம் முழுசாகத் திருப்பினார். வண்டி நேராகவே போனது.

"சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே" என்றார்.

"தாய்மாமன் புத்தி" என்றார் கொண்டல்சாமி.

அடிவாரத்து ஊருணிக்குள் பிள்ளை தலைகுப்புற விழுந்து, நாலு குமிழி விட்டு, முழுசாக மறைந்தது. மாசிலாமணி மூச்சிரைக்க ஓடிவந்து கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. ஒரு தடவகூட ஓட்டலியே மச்சான்."

கோட்டைச்சாமி அவர் தோளைத் தொட்டார். "எதுக்கு மச்சான் அழுவுறீங்க? தலைதான் உங்க கையில இருக்கே. புள்ளைக்கு மூச்சு முட்டாது."

மாசிலாமணி யோசித்துப் பார்த்தார். சரிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சளி பிடித்துவிடக் கூடாதே என்று ஸ்டீரிங்கைத் துண்டால் போர்த்தி, பிள்ளை குளித்துவிட்டு ஏறி வரட்டும் என்று படியில் காத்திருந்தார்.