மைனா சாய்ந்து பார்த்த மீன் காசு

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மைனா எதையும் நேராகத்தான் பார்க்கும். பார்த்த கையோடு ஊரெல்லாம் சொல்லியும் விடும். வாயாடி என்று பெயரெடுத்ததால் அதன் பேச்சு எந்தச் சபையிலும் எடுபட்டதில்லை.

அரசரின் காசடிக்கும் கூடத்தில் ஒரு சுவர்ப் பொந்தில் அது குடியிருந்தது. கீழே கூத்தன் வேலை செய்வான். காய்ச்சிய வெள்ளித் துண்டின்மேல் மீன் செதுக்கிய இரும்பு அச்சை வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி, காசு பிறந்துவிடும். இரண்டாவது அடி அவனுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அப்படி ஒரு கை.

திருவிழா நெருங்கியது. ஆயிரம் காசு உடனே வேண்டும் என்றார்கள். கொதித்துப்போன அச்சை ஆறவிட நேரமில்லாமல் கூத்தன் அதைத் தண்ணீரில் முக்கினான். அதில் மயிரிழையாக விரிசல் விட்டதை அவன் கவனிக்கவில்லை; அந்த அச்சாலேயே காசுகளை அடித்து முடித்தான்.

மறுநாள் காலை, காசுகளைச் சோதிக்கும் வண்ணக்கர் மாறனார் வந்தார். எல்லா மீன்களின் வயிற்றிலும் ஒரு மெல்லிய கோடு.

"அரசரின் வெள்ளியைச் சுரண்டியிருக்கிறாய்," என்றார் அவர்.

கையால் அடித்த காசுகள் எடையில் முன்பின் இருப்பது வழக்கம். அதனால் தராசும் கூத்தனுக்குக் கைகொடுக்கவில்லை. வெள்ளி திருடினால் வலது கட்டைவிரலை வெட்டுவார்கள். விரல் போனால் சம்மட்டி ஏது, சோறு ஏது? கூத்தன் சத்தியம் செய்து அழுதான்.

பொந்திலிருந்த மைனா, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தது. ஒரு காசை நேராகப் பார்த்தது. கீறல் போலத்தான் தெரிந்தது. வாசல் வழியே காலை வெயில் சரிவாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்கு ஏற்றபடி மைனா மெல்லத் தலையைச் சாய்த்தது. அப்படியே ஒவ்வொரு காசாக, வெயில் ஏறுவதற்குள் நூறு காசுகளைப் பார்த்து முடித்தது. எனக்கெல்லாம் பத்தாவது காசிலேயே கழுத்து பிடித்திருக்கும்.

"ஐயா, கீறினால் பள்ளம் விழும்," என்றது மைனா. "இந்தக் கோடு மேடாக நிற்கிறது, நிழலைப் பாருங்கள். நூறு காசிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. திருடுகிற கை இவ்வளவு பிசகாமல் கீறுமா? அச்சைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

மாறனார் நகத்தால் தடவினார். கோடு நகத்தில் தட்டியது. அச்சைத் திருப்பிப் பார்த்தால் அதே இடத்தில் விரிசல். அதற்குள் புகுந்த வெள்ளிதான் கோடாக எழும்பியிருந்தது. முப்பது வருடம் காசு பார்த்த மனிதர், அந்தச் சின்னப் பறவையின்முன் கைகூப்பி நின்றார். கூத்தன் தன் கட்டைவிரலை இடது கையால் பொத்தி வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நூறு காசுக்குச் சாய்ந்த கழுத்து பிறகு பழைய நிலைக்கு வரவே இல்லை. இன்றும் புல்தரையில் மைனா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதும், காசு அறிந்தவர்கள் ஒரு கோட்டைக் கண்டால் காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் யாரையும் திருடன் என்று சொல்லாததும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.