மதியம் இரண்டு மணி வகுப்பு

பொற்கொடியைத் தேர்வு எழுத விடவில்லை. அரசு மருத்துவமனை நர்ஸ். நாற்பத்தாறு வயதில் மருத்துவமனை நிர்வாகப் பட்டயப் படிப்பில் சேர்ந்தவர். முடித்தால்தான் பதவி உயர்வு. மாலை வகுப்பு என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பாதியில் மதியம் இரண்டு மணிக்கு மாற்றினார்கள். டியூட்டியை விட்டு எப்படி வருவார்? வருகை குறைந்தது. ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

மாற்றியது யார் என்கிறீர்களா? துணைவேந்தரும் இல்லை, பதிவாளரும் இல்லை. ஆசிரியர் குழு. அதிலும் மதிவதனி.

மதிவதனி கெட்டவள் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கான இந்தப் புதுப் படிப்பை ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதிவாளர் தொடங்கியபோது, அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டவள். "பாடம் நடத்துறது நாங்க, முடிவு பண்றது நீங்களா?" அந்தச் சண்டையில்தான் படிப்பு ஆசிரியர்கள் கைக்கு வந்தது. ஆசிரியர்கள் வீடு திரும்பும் பல்கலைக்கழக பஸ் மாலையில் சீக்கிரம் போய்விடும். ஆகவே வகுப்பை மதியத்துக்கு மாற்றினார்கள். தீர்மானத்தை எழுதியவளும் அவள்தான்.

குழுத் தலைவர் பேராசிரியர் ரஹ்மத் நிஷா. மதிவதனியின் முனைவர் பட்ட நெறியாளரும் அவரே. அவரிடம் போய் நின்றாள்.

"பாவமாத்தான் இருக்கு மேடம். ஆனா விதியைத் தளர்த்தினா, ஆசிரியர்களுக்கு நடத்தத் தெரியலைன்னு பதிவாளர் மறுபடி உள்ளே வந்துடுவார். இந்தப் படிப்பு யார் கையில இருக்கணும், சொல்லுங்க."

"நம்ம கையிலதான்."

"அப்போ பொற்கொடிக்கு என்ன சொல்றது?"

"குழுவைக் கூட்டுறேன். அங்கே பேசுவோம்."

அழைப்பு வந்தது. ஞாயிறு காலை எட்டு மணி. இடம்: அரசு மருத்துவமனை கேண்டீன்.

குழு ஆசிரியர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். தணிகாசலம் சார் கடைசியாக, வியர்வையில் நனைந்து வந்து சேர்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை நம்ம பஸ் ஓடாதுன்னு மேடத்துக்குத் தெரியாதா? ரெண்டு பஸ் மாறி வரேன். வீட்ல பேரனுக்குக் காதுகுத்து வேற!"

"உட்காருங்க சார், டீ சாப்பிடுங்க" என்றார் ரஹ்மத் நிஷா. "ஆனா தாமதம். வருகை கிடையாது. இன்னைக்கு ஓட்டும் கிடையாது."

"டீயாவது முழு கிளாஸா கிடைக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. மதிவதனி எழுந்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு மேடம் இந்த நேரத்தை வெச்சீங்க?"

"படிக்கிறவங்களைக் கேட்டேன். இதுதான் தோதுன்னாங்க."

அடுத்த மேசையில் பொற்கொடி உட்கார்ந்திருந்தார். நைட் டியூட்டி முடிந்து சீருடையோடு வந்தவர். கூடப் படிக்கிறவர்கள் இருவர் பக்கத்தில்.

மதிவதனி அவர்களைப் பார்த்தாள். வேகம் நிற்கவில்லை.

"அவங்களுக்குத் தோது, சரி. வர முடியாத நேரத்தை நீங்களே வெச்சுட்டு, வரலைன்னு நீங்களே தண்டனையும் கொடுப்பீங்களா? இது எந்த ஊர் நியாயம் மேடம்?"

பொற்கொடி கிளாஸைக் கீழே வைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மதிவதனி மெதுவாக உட்கார்ந்தாள்.

ரஹ்மத் நிஷா தன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப சொன்னியே, அதையே தீர்மானமா எழுதும்மா. தணிகாசலம் சார் பேருக்கு முன்னாடி பொற்கொடி பேரைப் போடு."