பதுக்கைக்குத் துணை

ஒரு காலத்தில், காற்று ஓயாத ஒரு மலையின் உச்சியில் ஒரு பதுக்கை இருந்தது. முன்னோர் யாரோ ஒருவரைக் கிடத்தி, சுற்றிலும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே கற்களைக் குவித்து எழுப்பிய சமாதி அது. கிழக்குப் பலகையில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருந்தது. அடிவாரத்து மக்கள் எப்போதாவது ஏறி வந்து, குவியலில் ஒரு கல்லை வைத்து, துளையருகே குனிந்து மனக்குறையைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

பதுக்கைக்கு ஒரு பயம் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. எலும்புகள் என்றோ மண்ணாகி, அந்த மண்ணும் மழையில் கரைந்துவிட்டது. துளை வழியாகப் போய் வரும் காற்றுக்கு மட்டும் அது தெரியும்.

"ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை விருந்தாளிகள்" என்று காற்று கேலி செய்யும்.

"மெதுவாகப் பேசு" என்று கெஞ்சும் பதுக்கை. "தெரிந்துவிட்டால், யார் இவ்வளவு உயரம் ஏறி வருவார்கள்?"

தை மாதத்தில் ஒரு காலை, இரண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் குணவதி. பின்னால் வந்தவள் அவளுடைய நாத்தனார் மயிலா. குணவதியின் கணவன் சீரங்கன் ஐப்பசி வெள்ளத்தில் ஆற்றோடு போனவன். உடல் கிடைக்கவில்லை. கரையில் ஒதுங்கிய ஒற்றைச் செருப்பை வீட்டில் வைத்துப் பார்க்கவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனம் வராமல் இருந்தவள், இன்று அதை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

காற்று இருவரையும் பின்னுக்குத் தள்ளியது. பாறையைப் பிடித்து நின்ற மயிலா மூச்சு வாங்கச் சொன்னாள்: "எல்லாரும் செருப்பைக் கால்ல போட்டுக்கிட்டு மலை ஏறுவாங்க. நீ மட்டுந்தான் அண்ணி மடியில கட்டிக்கிட்டு ஏறுற."

குணவதிக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

உச்சியில் ஒரு கல்லை வைத்துவிட்டு, துளையருகே மண்டியிட்டாள்.

"உள்ள இருக்கிற பெரியவங்களே, எங்க வீட்டுக்காரருக்குத் தனியா இருந்து பழக்கமில்ல. உங்க பக்கத்துல கொஞ்சம் இடம் குடுங்க. துணைக்கு ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சா, நான் போய்க் கொஞ்சம் தூங்குவேன்."

காற்று நின்றது. உண்மையை அது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் காத்திருந்தது.

எத்தனையோ பேர் வந்து அழுதபோது பதுக்கை பேசாமல் இருந்திருக்கிறது. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. ஆனால் இவள், உள்ளே இல்லாத ஒருவரை நம்பி, தன் கணவனை விட்டுவிட்டுப் போகப்போகிறாள்.

"அம்மா, உள்ளே யாருமில்லை" என்றது பதுக்கை. "இருந்தவர் போய் ரொம்பக் காலமாகிறது. வந்தவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."

மயிலா பயந்துபோய் அண்ணியின் தோளைப் பிடித்தாள். கீழே இறங்கிவிடலாம், வேறு இடம் பார்க்கலாம் என்றாள். குணவதி எழுந்திருக்கவில்லை. வைத்த கல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்வாள் என்று பதுக்கை காத்திருந்தது.

"அப்போ இத்தனை காலமா நீ தனியாவா இருந்தே?" என்று கேட்டாள் குணவதி.

பதுக்கையைப் பற்றிப் பதுக்கையிடம் இதுவரை யாரும் விசாரித்ததில்லை. காற்று அடங்கியிருந்தும், மேலே இருந்த சிறு கற்கள் இரண்டொன்று அசைந்தன.

குணவதி மடியை அவிழ்த்தாள். தோள் வரை கையை உள்ளே விட்டு, செருப்பைத் தரையில் மெல்ல வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. எடுத்த பிறகு, துளையருகே குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"விடிய விடியப் பேசுவார். அலுப்பா இருந்தா ஒரு அதட்டுப் போடு, கேட்டுக்குவார்."