சடச்சி உழுகாத காடு

ஒரு ஊர்ல ஒரு மேட்டுக்காடு. காட்டுக்கு நடுவுல ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் தங்கச்சி சடச்சி காடு, அந்தப் பக்கம் அண்ணன் தவசி காடு. ம் சொல்லு பாப்பா. நீ ம் சொன்னாத்தான் அத்தைக்குக் கதை வரும்.

"ம்."

ஆங்! ரெண்டும் அவங்க அய்யா பிரிச்சுக் குடுத்தது. செம்மண்ணு. கெணறு கெடையாது, வானம் பெஞ்சாத்தான் சோளம். சடச்சி புருஷன் லாரி எடுத்துக்கிட்டு வடக்க போனா ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வீடு வருவாரு. அதனால வெதைக்கிறது, களையெடுக்கிறது, அறுக்கிறது எல்லாம் சடச்சிதான். உழவுக்கு மட்டும் அண்ணன் வருவாரு. தவசிகிட்ட டிராக்டர் இருந்துச்சு. தடதடதடன்னு வந்து நாலு சால் உழுது, காட்டையே மாவு மாதிரி பொடியாக்கிக் குடுப்பாரு. கூலின்னு ஒரு செம்பு மோருதான் வாங்கிக் குடிப்பாரு. தங்கச்சி மேல அம்புட்டுப் பாசம்.

ஆனா வருஷா வருஷம் என்ன ஆகும் தெரியுமா? ஐப்பசியில மழை சடசடன்னு அடிக்கும். மாவு மாதிரி கெடந்த மண்ணு கரைஞ்சு, செவப்புத் தண்ணியா ஓடையில எறங்கிப் போயிரும். மறுநா வெயில் காஞ்சா மிச்ச மண்ணு மேலாப்புல அப்பளம் கணக்கா எறுகிப் போகும். மொளச்சு வர்ற சோளம் அதை முட்டி முட்டிப் பாத்துட்டு உள்ளயே மடங்கிரும். காட்டுல மண்ணு கொறையக் கொறைய கல்லுதான் வெளிய தெரிஞ்சுச்சு. "சடச்சி காட்டுல கல்லு வெளையுது"ன்னு ஊர்ல சிரிச்சாங்க. அவளுக்குச் சிரிப்பு வரல. வெள்ளாமை இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகணும். அந்தக் காட்டை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்ல.

அப்போ ஒருநா, வேலிக்குக் கம்பு ஊண்டலாம்னு கடப்பாரையை எடுத்துக்கிட்டுப் போனா. வேலியோரம் ஏர் படாத எடம். அய்யா காலத்துல இருந்தே யாரும் உழுததில்ல. ஓங்கி ஒரு குத்து குத்துனா பாரு, கடப்பாரை சதக்குன்னு எறங்கிருச்சு! கைவிட்டு அள்ளிப் பாத்தா கருகருன்னு மண்ணு, புட்டு மாதிரி உதிரி உதிரியா. உள்ள மண்புழு நெளிஞ்சுக்கிட்டு கெடக்கு.

"அய்ய, புழுவா?"

அய்யன்னு சொல்லாத. அது உள்ள போற வழிதான் தண்ணிக்கு வாசல். அப்புறம் கேளு. வேலியோரத்து மண்கட்டி ஒண்ணு, உழுத காட்டுக் கட்டி ஒண்ணு, ரெண்டையும் ரெண்டு செம்புத் தண்ணியில போட்டா. உழுத கட்டி பொலபொலன்னு கரைஞ்சு சேறாப் போச்சு. வேலியோரத்துக் கட்டி கம்முனு உக்காந்திருக்கு. மூணு தரம் போட்டுப் பாத்தா. மூணு தரமும் அப்படியேதான்.

ஆடி மாசம் தவசி டிராக்டரை ஓட்டிக்கிட்டு வந்தாரு. சடச்சி குறுக்க கையை நீட்டிட்டா.

"இனிமே உழுக வேணாம்ணே."

"உழுகாம எப்படித்தா வெதைப்ப?"

"குச்சியால குழி போட்டு ஊண்டிருவேன்."

"கிறுக்குப் புள்ள. உழுகாமக் கெடந்தா அப்படி என்னதான் சேந்துரும் மண்ணுல?"

"அடுப்புல கங்கைக் கிளறிக்கிட்டே இருந்தா என்னண்ணே ஆகும்?"

"மடமடன்னு எரிஞ்சு சாம்பலாயிரும்."

"கிளறாம மூடி வச்சா?"

"விடிய வரைக்கும் கங்கு கெடக்கும்."

"மண்ணும் அப்படித்தாண்ணே."

நெசந்தான் பாப்பா. செடி இருக்குல்ல, அது காத்துல கெடக்கிற கரியை எலையால இழுத்து, தண்டாக்கி வேராக்கி வச்சுக்குது. வேரும் தழையும் மக்குனா அந்தக் கரி மண்ணுக்குள்ள தங்கும். அதுதான் மண்ணைக் கட்டிப் புடிக்கிற பசை. சும்மா சும்மா கிளறி விட்டா உள்ள காத்து பூந்து, அந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமா காத்தோட போயிரும். ம்?

"ம்..."

தவசி தலையை ஆட்டிக்கிட்டே போயிட்டாரு. அப்புறம் மொத வருஷம். களை வந்துச்சு பாரு, இடுப்பு ஒசரம்! சடச்சி குனிஞ்சவ நிமிரல. புடுங்குன களையை அங்கனயே பரப்புனா. அறுத்த சோளத்தட்டையையும் காட்டுல போட்டு மூடுனா. வெளைஞ்சது அண்ணன் காட்டுல பாதிகூட இல்ல. "சோம்பேறிக் காடு"ன்னு ஊரு பேரு வச்சுச்சு.

ரெண்டாம் வருஷம் ஆடு வந்துச்சு. ம்மேன்னு கத்திக்கிட்டு நாப்பது ஆடு பூந்து, போட்டு வச்ச தட்டையெல்லாம் கறுக்கு முறுக்குன்னு தின்னுட்டுப் போயிருச்சு. மூடாத மண்ணு வெயில்ல காஞ்சு பாறையாட்டம் ஆயிருச்சு. சடச்சி அழுகல. கருவ முள்ளை வெட்டிச் சுத்தி அடைச்சா. மழைக்குத் தட்டப்பயறைப் போட்டு, கொடியாலயே காட்டைப் போத்தி விட்டா. "பாத்துக்கிட்டே இருங்க"ன்னா எல்லாருகிட்டயும்.

மூணாம் வருஷம்தான் பாப்பா, பெரிய சோதனை. ஆடு இல்ல, களை இல்ல. பாசம்.

நாத்தனார் மகளுக்குச் சடங்குன்னு சடச்சி ரெண்டு நா வெளியூரு போயிருந்தா. தவசி பாத்தாரு. தங்கச்சி கையெல்லாம் காப்புக் காச்சிக் கெடக்கே, அவ வர்றதுக்குள்ள உழுது வச்சா சந்தோஷப்படுவான்னு நெனச்சாரு. டிராக்டரை எறக்கிட்டாரு. தடதடதடதட!

சடச்சி பஸ்ஸை விட்டு எறங்குறா, அந்தச் சத்தம் கேக்குது. பையைப் போட்டுட்டு ஓடுனா. ஓடி வந்து டிராக்டர் முன்னாடி நின்னா. அதுக்குள்ள பாதிக் காடு உழுதாச்சு. உழுத சாலெல்லாம் வெள்ளை வெள்ளையா கொக்கு. மூணு வருஷமா வந்து சேந்த மண்புழுவைக் கொத்திக் கொத்தித் திங்குது. சடச்சி அப்படியே உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி கொடகொடன்னு கொட்டுது.

"ஒனக்காகத்தானத்தா செஞ்சேன்!"

"தெரியும்ணே. ஆனா இது என் காடு. மிச்சத்தைத் தொடாதீங்க."

தவசி மூஞ்சி சுண்டிப் போச்சு. டிராக்டரைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் மோரு குடிக்கக்கூட வரல. சடச்சி கண்ணைத் தொடச்சுக்கிட்டு, உழுத பாதியிலயும் உழுகாத பாதியிலயும் ஒரே வெதையை, ஒரே நாள்ல ஊண்டுனா.

அப்போ வந்துச்சு ஐப்பசி. மூணு நா மழை. சோன்னு விடாம ஊத்துது. மூணாம் நா மழை விட்டதும் சடச்சி ஓடிப் பாத்தா. உழுத பாதியில முழங்கால் ஆழத்துக்குத் தண்ணி அரிச்ச பள்ளம், மண்ணெல்லாம் ஓடையில. உழுகாத பாதியில தண்ணி பெரும்பாலும் உள்ள எறங்கிருச்சு. ஓரத்துல சலசலன்னு கொஞ்சம் ஓடுது, அதுவும் தெளிஞ்ச தண்ணி. தவசியும் வரப்புல நிக்கிறாரு. அவரு காடும் வாரிக்கிட்டுத்தான் போயிருந்துச்சு.

"இந்தப் பாதியைக் கெடுத்தது நாந்தானத்தா?"

"ஆமாண்ணே."

இல்லன்னு சொல்லல அவ. நெசத்தை நெசம்னுதான் சொன்னா. "இனிக் கிளறாம விட்டா மறுபடியும் கூடி வரும். நாளாகும்."

மழைக்கப்புறம் ஒரு மாசம் சொட்டுத் தண்ணி இல்ல. தவசி சோளம் இலையைச் சுருட்டிச்சு. சடச்சி உழுத பாதியும் சுருட்டிச்சு. உழுகாத பாதி, உள்ள வாங்குன தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சுக்கிட்டு பச்சைப் பசேல்னு நின்னுச்சு. கதிரு ஒவ்வொண்ணும் கை கொள்ளாது! அந்தப் பாதியே அவ வீட்டுக்கு வருஷம் முழுக்கப் போதும்னு ஆயிருச்சு. பனியன் கம்பெனிப் பேச்சே வீட்டுல அப்புறம் வரல.

அறுப்பு முடிஞ்ச அன்னிக்கு தவசி மெதுவா வந்தாரு. தட்டையைப் பரப்பிக்கிட்டு இருந்த தங்கச்சி பக்கத்துல உக்காந்தாரு.

"வரப்போரமா ரெண்டு பாத்தி அகலம் உழுகாம விட்டுப் பாக்கட்டுமாத்தா? மொத்தத்தையும் விட பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தாண்ணே இருந்துச்சு. மூணு வருஷமும்."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"சொல்லியிருந்தா நீங்க மொத வருஷமே உழுதிருப்பீங்கல்ல?"

தவசி அவளையே பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாரு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. சடச்சிக்கும் சிரிப்பு தாங்கல.

பாப்பா... ம் சொல்லு... தூங்கிருச்சா? சரி சரி. சோளம் வீடு சேந்துச்சு, அண்ணன் தங்கச்சி ஒண்ணு சேந்துச்சு, கதையும் கரை சேந்துச்சு. கண்ணை மூடித் தூங்கு தாயி.